கோப்புகளுக்குக் காவல் வகுத்த டென்னிஸ் ரிட்சி

புதியதொன்றைப் படைத்தவரை உலகம் போற்றும். படைத்ததைப் பழுது பார்த்து நெடுநாள் காத்து வருபவரை உலகம் எளிதில் அறிவதில்லை. குளத்தை வெட்டியவன் பெயர் கல்லில் இருக்கும். கோடைதோறும் அதில் தூர் எடுத்தவன் பெயர் எங்கும் இராது. இவ்விரு தொழிலையும் ஒருங்கே செய்தவர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் அமெரிக்க நாட்டுக் கணினி அறிஞர் டென்னிஸ் ரிட்சி. யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தைப் பற்றியும் சி என்னும் நிரல் மொழியைப் பற்றியும் பேசுவோர் அவர் பெயரைக் கூறாமல் இருப்பதில்லை. ஆயினும், யூனிக்ஸினுள் கோப்புகளைக் காத்து நிற்கும் ஒரு சிறிய கட்டளைக்கும் அவருக்கும் இருந்த தொடர்பைப் பலர் அறியார். அவர் வரலாற்றோடு அக்கட்டளையின் வரலாற்றையும் இப்பாடத்தில் காண்போம்.

டென்னிஸ் ரிட்சி 1941ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 9ஆம் நாள் நியூயார்க் மாநிலத்துப் பிராங்க்ஸ்வில் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் அலிஸ்டர் ரிட்சி பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய அறிஞர். தொலைபேசி இணைப்புகளை மாற்றித் தரும் மின்சுற்றுகளை ஆராய்ந்தவர். அத்துறையில் வேறிருவரோடு சேர்ந்து நூலொன்றும் எழுதியவர். டென்னிஸ் சிறுவராயிருந்தபோதே குடும்பம் நியூஜெர்சி மாநிலத்துச் சம்மிட் நகருக்குக் குடிபெயர்ந்தது. அந்நகர்ப் பள்ளியிலேயே அவர் உயர்நிலைக் கல்வி பயின்றார்.

பின்னர் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1963இல் இயற்பியலில் பட்டம் பெற்றார். இயற்பியல் அறிஞராவதற்குத் தம் அறிவு போதாது என்றும், கணினிகளே தம்மைக் கவர்ந்தன என்றும் பிற்காலத்தில் அவர் அடக்கத்தோடு குறிப்பிட்டதுண்டு. மேற்படிப்பில் பயன்பாட்டுக் கணிதத்தை எடுத்துக்கொண்டு, நிரல்களின் கட்டமைப்பைப் பற்றி ஓர் ஆய்வேட்டை 1968இல் எழுதி முடித்தார். ஆனால் அதனை நூலாகக் கட்டுவித்துப் பல்கலைக்கழக நூலகத்தில் ஒப்படைக்கும் கடமையை அவர் நிறைவேற்றவில்லை. அதனால் முனைவர் பட்டம் அவருக்குக் கிட்டாமலே போயிற்று. பட்டத்தின்மேல் பற்றில்லாதவர் என்று இதனைப் புகழ்வாரும் உளர். செய்து முடித்த வேலையை முறைப்படி ஒப்படைத்தலும் வேலையின் ஒரு பகுதியே ஆகலின், மாணவர்கள் இந்த ஒன்றில் அவரைப் பின்பற்ற வேண்டுவதில்லை.

1967இல் தந்தையார் பணியாற்றிய பெல் ஆய்வுக்கூடத்திலேயே ரிட்சியும் சேர்ந்தார். அக்காலத்துக் கணினி ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும் பெரும்பொறி. அதன் விலையோ மிகப் பெரிது. ஆகவே ஒரு பொறியைப் பலர் ஒரே நேரத்தில் பங்கிட்டுப் பயன்படுத்துவதற்கான வழிகளை அறிஞர்கள் தேடிக்கொண்டிருந்தனர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும், ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனமும், பெல் ஆய்வுக்கூடமும் கூடி மல்டிக்ஸ் என்னும் பெருந்திட்டத்தை நடத்தி வந்தன. அது மிக விரிந்த திட்டம். எதிர்பார்த்த காலத்தில் முடியவில்லை. 1969இல் பெல் ஆய்வுக்கூடம் அதிலிருந்து விலகிக்கொண்டது. பலரும் கூடியிருந்து வேலை செய்தற்கேற்ற கணினிச் சூழலை இழந்ததனால் வருந்திய சிலருள் கென் தாம்ப்சன் என்பவர் ஒருவர். அவர் அதிகம் பயன்படாது கிடந்த பி.டி.பி.-7 என்னும் சிறு கணினி ஒன்றைக் கண்டெடுத்து, அதிற் புதியதோர் இயங்குதளத்தை எழுதத் தொடங்கினார். ரிட்சி அவருக்குத் துணை நின்றார். அதுவே யூனிக்ஸாக வளர்ந்தது.

சிறிது காலத்தில் பி.டி.பி.-11 என்னும் புதிய பொறி வந்தது. அதனை வாங்குவதற்குப் பணம் வேண்டியபோது, அலுவலக ஆவணங்களைத் திருத்தி அச்சிடும் அமைப்பொன்றைச் செய்து தருவதாக இவர்கள் கூறியிருந்தனர். கூறியவாறே 1971ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஆய்வுக்கூடத்தின் கண்டுபிடிப்புரிமைத் துறையைச் சேர்ந்த தட்டச்சர் மூவர் யூனிக்ஸில் வேலை செய்யத் தொடங்கினர். அப்பொறியின் நினைவகம் 24 கிலோபைட்டு. வட்டின் கொள்ளளவு அரை மெகாபைட்டு. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒற்றை நிழற்படத்திற்கும் அவ்வட்டு போதாது. தட்டச்சர்கள் சில மணிநேரம் வேலை செய்தால் வட்டு நிறைந்துவிடும். உடனே பழையவற்றைக் காந்த நாடாவுக்கு மாற்ற வேண்டும். நினைவகத்தைக் காக்கும் ஏற்பாடும் அப்பொறியில் இல்லை. அறிஞர் ஒருவர் புதிய நிரலொன்றைச் சோதிக்கையில் அது பிழைபட்டால், பொறி முழுவதும் நின்று தட்டச்சர்களின் வேலையும் கெட்டுவிடும். அஃது இயந்திரத்தின் குறை. நிரலால் அதனை நீக்க இயலாது. ஆனால், ஒருவர் கோப்பை மற்றொருவர் திறந்து படித்தலையும் திருத்துதலையும் நிரலால் தடுக்கலாம். அதற்கு அவர்கள் கண்ட வழி மிக எளியது.

ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளர் உண்டு என்று முதலில் விதித்தனர். பிறகு கோப்பின்மேற் சில அடையாளங்களை இட்டனர். உரிமையாளர் படிக்கலாமா, எழுதலாமா, பிறர் படிக்கலாமா, எழுதலாமா, அக்கோப்பை நிரலாக இயக்கலாமா என்னும் ஐந்து வினாக்களுக்கு ஆம், இல்லை என்று விடை கூறும் அடையாளங்கள் அவை. ஆறாவதாக ஒன்றும் இருந்தது. அதனைப் பின்னர்க் காண்போம். இவ்வடையாளங்களை மாற்றுதற்கென ஒரு கட்டளை எழுதப்பட்டது. சிஎச்மாட் என்பது அதன் பெயர். முறையை மாற்று எனப் பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களைச் சுருக்கி அமைத்த பெயர் அது. நூற்பா எழுதுவோர் எழுத்தைச் சுருக்குவது போல் யூனிக்ஸ் அறிஞர் கட்டளைப் பெயர்களைச் சுருக்கினர். முதலிற் பொருள் விளங்காது, பழகியபின் மறக்காது.

யூனிக்ஸின் முதற் கையேடு 1971ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 3ஆம் நாளிட்டு வெளிவந்தது. தாம்ப்சனும் ரிட்சியும் அதனை எழுதினர். சிஎச்மாட் கட்டளை அதிலேயே இடம்பெற்றுள்ளது. அக்கையேட்டின் அமைப்பு நாம் நோக்கத் தக்கது. ஒவ்வொரு கட்டளைக்கும் உரிய பக்கத்தில் அதன் பொறுப்பாளர் யாவர் என்று எழுதப்பட்டிருந்தது. கட்டளை தவறினால் யாரிடம் சென்று கேட்பது என்பதனை அப்பக்கமே கூறிவிடும். ரிட்சியின் பெயர் அதில் டி.எம்.ஆர். என்னும் மூன்றெழுத்தால் குறிக்கப்பட்டது. அதனோடு, பிழைகள் என்னும் தலைப்பில் அக்கட்டளையின் அறிந்த குறைகளும் எழுதப்பட்டன. தாம் செய்த கருவியின் குறையைத் தாமே எழுதி, அதன் கீழ்த் தம் பெயரையும் இட்டுவைத்தல் எளிய செயலன்று. விற்பனைக்கு வரும் பொருள்களின் விளக்கத் தாளில் இத்தகைய பகுதியை நாம் காண்பது அரிது.

இனி ஆறாம் அடையாளத்திற்கு வருவோம். அது ரிட்சியின் தனிச்சிந்தனையில் தோன்றியது. வங்கியின் பேரேட்டை எண்ணிப் பாருங்கள். அதனை வாடிக்கையாளர் எவரும் தம் கையால் திருத்தக் கூடாது. ஆயினும் பணம் செலுத்துவோர் ஒவ்வொருவராலும் அதில் ஒரு வரி மாறித்தான் ஆகவேண்டும். எழுத்தர் நடுவே அமர்ந்து, அவரவர்க்குரிய வரியை மட்டும் எழுதித் தருகிறார். கணினியிலும் இத்தகைய தேவை உண்டு. பயனர் அனைவருடைய கடவுச்சொற்களும் ஒரு கோப்பில் இருக்கும். அதில் எல்லோரும் எழுதலாம் என்று விட்டால் காவலே இல்லை. எவரும் எழுதக் கூடாது என்று தடுத்தால் ஒருவர் தம் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளவும் இயலாது. ரிட்சி இதற்கு வழி கண்டார். ஒரு நிரலின்மேல் இவ்வாறாம் அடையாளத்தை இட்டுவிட்டால், அதனை யார் இயக்கினாலும் அந்நிரல் தன் உரிமையாளரின் அதிகாரத்தோடு இயங்கும். பயனருக்குக் கோப்பின்மேல் அதிகாரம் இல்லை, நிரலுக்கு உண்டு, நிரலோ தனக்கு விதித்த வேலையை மட்டுமே செய்யும். வங்கி எழுத்தரின் இடத்தில் ஒரு நிரல் அமர்ந்துவிட்டது.

இக்கண்டுபிடிப்பின் உரிமையைப் பதிவு செய்யுமாறு 1973ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் விண்ணப்பிக்கப்பட்டது. 1979ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 16ஆம் நாள் 4135240 என்னும் எண்ணில் ரிட்சியின் பெயரால் உரிமை வழங்கப்பெற்றது. நிரலுக்குக் கண்டுபிடிப்புரிமை கொடுக்கலாமா என்பது அந்நாளில் ஐயத்திற்கு இடமான செய்தி. ஆதலால் அவ்விண்ணப்பத்தில் அது மின்சுற்றுகளின் வடிவிலேயே விளக்கப்பட்டிருந்தது. பின்னர் அவ்வுரிமை பொதுமக்களுக்கே விடப்பட்டது. எவரும் கட்டணமின்றி அதனைப் பயன்படுத்தலாயினர்.

அதிகாரம் தரும் கருவி எதுவும் ஆபத்தும் தரும். ஒருவர் தாம் எழுதிய தீய நிரலின்மேல் இவ்வடையாளத்தை இட்டு, பிறகு அக்கோப்பின் உரிமையைத் தலைமைப் பயனருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று கொள்வோம். அந்நிரல் அன்றுமுதல் தலைமைப் பயனரின் அதிகாரத்தோடு இயங்கும். பொறி முழுவதும் அவர் கைக்குப் போய்விடும். இதனைத் தடுக்கவே, உரிமையாளர் மாறும்போது அவ்வடையாளம் தானே அழிந்துவிட வேண்டும் என்னும் விதி ஏற்பட்டது. ஒரு வாயிலை அடைத்தால் மற்றொரு வாயில் தோன்றியது. தலைமைப் பயனராக மாறுதற்குரிய நிரலின் கோப்பில் எவரும் எழுதலாம் என்று கவனமின்றி விட்டுவிட்டால், அதன்மேல் வேறொரு நிரலைப் படியெடுத்து வைத்துக் கடவுச்சொல் இன்றியே உள்ளே புகுந்துவிடலாம். இந்த உதாரணத்தைக் காட்டியவர் ரிட்சியே. யூனிக்ஸின் பாதுகாப்பைப் பற்றி அவர் எழுதிய சிறு கட்டுரை 1979இல் ஏழாம் பதிப்பின் கையேட்டில் இடம்பெற்றது. யூனிக்ஸ் பாதுகாப்பை முதல் நோக்கமாகக் கொண்டு எழுதப்பட்டதன்று என்றும், அதனால் பல ஓட்டைகள் இருப்பது உறுதி என்றும் அதில் அவர் ஒளிக்காமல் எழுதினார். வட்டினை வீணே நிரப்பிப் பொறியை முடக்குதல் எவருக்கும் எளிது என்பதனையும் சொன்னார். ஆறாம் அடையாளத்தை மிகுந்த கவனத்தோடு கையாள வேண்டும் என்றும் எச்சரித்தார். கண்டுபிடிப்புரிமை வழங்கப்பெற்ற அதே ஆண்டின் கையேட்டில் அவரது எச்சரிக்கையும் இருந்தது என்பதனை மாணவர்கள் நோக்குக.

இக்காலத்திற்குள் அடையாளங்களின் தொகையும் மாறிவிட்டது. தாம்ப்சனும் ரிட்சியும் 1974இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் அவை ஏழு எனக் கூறப்பட்டன. நிரலை இயக்கும் உரிமை உரிமையாளருக்கு வேறாகவும் பிறருக்கு வேறாகவும் பிரிக்கப்பட்டதே இதற்குக் காரணம். 1978இல் அதே கட்டுரையைத் திருத்தி வெளியிட்டபோது அவை பத்தாயின. உரிமையாளர், பிறர் என்னும் இருவர்க்கும் இடையே, ஒரே வேலையில் ஈடுபட்டோர் அடங்கிய குழு என்னும் மூன்றாம் பிரிவு சேர்ந்துகொண்டது. மூன்று பிரிவினர், ஒவ்வொருவர்க்கும் படித்தல், எழுதுதல், இயக்குதல் என மூன்று உரிமை, ஆக ஒன்பது, ரிட்சியின் அடையாளம் பத்தாவது.

இவ்வொன்பதையும் மூன்று இலக்கங்களிற் சொல்லிவிடலாம். படித்தலுக்கு 4, எழுதுதலுக்கு 2, இயக்குதலுக்கு 1 என்று மதிப்பிட்டு, கொடுக்க வேண்டியவற்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். படிக்கவும் எழுதவும் மட்டும் விடுவதாயின் 6. மூன்றும் ஆயின் 7. இம்மூன்று எண்களையும் எவ்வாறு கூட்டினாலும் ஒரு கூட்டுத்தொகை ஒரே வகையில்தான் கிடைக்கும், மயக்கத்திற்கு இடமில்லை. எனவே 644 என்றால், உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம். குழுவினரும் பிறரும் படிக்க மட்டும் செய்யலாம் என்பது பொருள். 1971ஆம் ஆண்டுக் கையேட்டில் எண்களின் ஒழுங்கு வேறாக இருந்தது. பயன்படுத்துவோர் சிலராயிருந்தமையால் அதனை மாற்றி அமைக்க முடிந்தது. பின்னர் யூனிக்ஸ் பல்கலைக்கழகங்கள்தோறும் பரவிவிட்டது. ஆயிரக்கணக்கான நிரல்களுக்குள் இவ்வெண்கள் எழுதப்பட்டுவிட்டன. அதன்பின் அவற்றில் எவரும் கைவைக்கத் துணியவில்லை.

அவ்வாறாயின் புதுமை வேண்டுவோர் யாது செய்வது? பழையதை மாற்றாமல் அதன் பக்கத்தில் புதியதை வைத்தனர். ஏழாம் பதிப்பில், எண்களோடு எழுத்துகளையும் சிஎச்மாட் ஏற்றுக்கொண்டது. குழுவினரின் எழுதும் உரிமையை மட்டும் நீக்குக என்று சில எழுத்துகளாலும் ஒரு கழித்தற் குறியாலும் சொல்ல முடிந்தது. எண்முறையில் எல்லா உரிமைகளையும் ஒருங்கே சொல்ல வேண்டும். எழுத்துமுறையில் வேண்டிய ஒன்றை மட்டும் மாற்றலாம். எண்களையே பழகியவர் எண்களையே எழுதிக்கொண்டிருந்தனர். அவர்களுக்கு ஒரு தொல்லையும் இல்லை.

கட்டளையின் புறம் இவ்வாறு நிலைத்திருக்க, உள்ளே அது முற்றிலும் வேறாகிவிட்டது. முதற் பதிப்பில் சிஎச்மாட் அப்பொறிக்கே உரிய மொழியில் எழுதப்பட்டிருந்தது. ரிட்சி சி மொழியை உருவாக்கியபின், 1973இல் யூனிக்ஸின் கரு அம்மொழியில் திரும்ப எழுதப்பட்டது. கட்டளைகளும் படிப்படியாக அதற்கு மாறின. பொறி மாறினாலும் நிரல் வாழும் என்னும் நிலை இதனால் உண்டாயிற்று. 1978இல் பிரையன் கெர்னிகனும் ரிட்சியும் சேர்ந்து சி மொழிக்கு எழுதிய நூல் உலகெங்கும் பாடநூலாயிற்று. அம்மொழிக்குப் பொதுநெறி வகுக்கக் குழு கூடியபோது, அவர்கள் சேர்க்கவிருந்த புதிய சொல் ஒன்று மொழியைக் கெடுக்கும் என்று கண்டு 1988இல் ரிட்சி கடுமையாக மறுத்து எழுதினார், அச்சொல் கைவிடப்பட்டது. இயல்பில் அவர் அமைதியானவர். நண்பகலுக்குப் பின் ஆய்வுக்கூடம் வந்து இரவு நெடுநேரம் வேலை செய்வது அவர் வழக்கம்.

சிஎச்மாட் கட்டளையைக் காக்கும் பொறுப்பு 1980களில் பெல் ஆய்வுக்கூடத்திற்கு வெளியேயும் சென்றது. கலிபோர்னியாவின் பெர்க்லிப் பல்கலைக்கழகத்தார் தம் பதிப்பில், ஓர் அடைவினுள் உள்ள எல்லாக் கோப்புகளையும் ஒரே முறையில் மாற்றும் வசதியைச் சேர்த்தனர். மிகப் பயனுள்ள வசதி. கவனமில்லாதவர் கையில் மிகக் கொடியதும்கூட. ஓர் எழுத்தைத் தவறான இடத்தில் இட்டு, பொறி முழுவதன் காவலையும் குலைத்தவர் பலர். ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனூ திட்டத்தார் யூனிக்ஸின் கட்டளைகளைப் பழைய வரிகளைத் தொடாமல் புதிதாகவே எழுதினர். அவற்றுள் சிஎச்மாட்டும் ஒன்று. 1991இல் லைனஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸின் கருவை வெளியிட்டபின், குனூவின் கட்டளைகள் அதனோடு சேர்ந்து உலகெங்கும் பரவின. எழுதியோர் வேறு, நாடு வேறு, பொறி வேறு. ஆயினும் 644 என்று எழுதினால் அதே பொருள்.

ரிட்சியையும் தாம்ப்சனையும் தேடிப் பெருமைகள் வந்தன. 1983இல் டூரிங் பரிசு வந்தது. 1998ஆம் ஆண்டுக்குரிய அமெரிக்கத் தேசியத் தொழில்நுட்பப் பதக்கத்தைக் குடியரசுத் தலைவர் கிளிண்டன் 1999இல் அளித்தார். 2011இல் ஜப்பான் பரிசும் கிடைத்தது. ரிட்சியோ பரிசுகளைவிடப் பழைய நாடாக்களைப் பெரிதாக மதித்தார் எனலாம். 1970களின் தொடக்கத்தில் எழுதிய சி மொழிபெயர்ப்பு நிரல்கள் அழிந்துவிடும் நிலையில் காந்த நாடாக்களில் கிடந்தன. அவற்றை மீட்டெடுத்து, தாம் அன்று செய்த பிழைகளோடும் அரைகுறைகளோடும் அப்படியே யாவரும் காண வெளியிட்டார். திருத்தி அழகுபடுத்தி வெளியிடுதல் அவருக்கு அரிதன்று. அவர் அதனை விரும்பவில்லை.

2007இல் அவர் ஓய்வு பெற்றார். நியூஜெர்சியின் பெர்க்லி ஹைட்ஸ் என்னும் ஊரில் தனியே வாழ்ந்து வந்தார். 2011ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 12ஆம் நாள் அவர் தம் இல்லத்தில் உயிர் நீத்துக் கிடந்தது கண்டறியப்பட்டது. அப்போது அவருக்கு அகவை 70. ஒரு வாரத்திற்கு முன்னர்தான் ஆப்பிள் நிறுவனத்து ஸ்டீவ் ஜாப்ஸ் மறைந்திருந்தார். உலகச் செய்தித்தாள்கள் அவரைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தமையால் ரிட்சியின் மறைவு பலருக்குத் தெரியவில்லை. ஜாப்ஸ் விற்ற கணினிகளின் உள்ளேயும் யூனிக்ஸின் வழிவந்த இயங்குதளமே இருந்தது. அதில் சிஎச்மாட்டும் இருந்தது.

குனூ திட்டத்தின் கட்டளைத் தொகுப்பு 2024ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் புதிய பதிப்பாக வெளிவந்தது. ஒரு கோப்பு மற்றொரு கோப்பைச் சுட்டி நிற்கையில், மாற்ற வேண்டியது சுட்டும் கோப்பையா, சுட்டப்படும் கோப்பையா என்று பயனரே குறிப்பிடும் வசதி சிஎச்மாட் கட்டளைக்கு அதிற் கொடுக்கப்பட்டது. முதற் கையேடு எழுதப்பட்டு அப்போது 52 ஆண்டுகள் கடந்திருந்தன.